படகுக்கு ஊற்ற பெட்ரோல் எங்கே கிடைக்கும்?

அனந்தபுரத்துக்கும் மோட்டார் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செஞ்சி வட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய வரை பாறை, கரும்பு, மணிலா. ஏரி நிரம்பினால் அதுவே பெரிய செய்தி. இங்கே கல்லூரிப் பையன்கள் படகு ஏற வேண்டுமென்றால் விழுப்புரம் வழியாகப் பாண்டிச்சேரி போய், சுண்ணாம்பாறு படகுத்துறையில் வரிசையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலியார்குப்பம், முட்டுக்காடு. இன்னும் காசு இருந்தால் பிச்சாவரம், ஊட்டி.

ஆனால் சம்பந்தம் இருக்கிறது. அனந்தபுரம் பங்க்கில் பைக்குக்குப் போடும் அதே பெட்ரோல்தான் அந்தப் படகுகளுக்கும் போகிறது. படகுக்கென்று தனியாக ஒரு பெட்ரோல் கிடையாது. கேட்டால் பங்க் பையன் சிரிப்பான். "சாதா வேணுமா, பவர் வேணுமா" என்பதோடு அவனுக்குத் தெரிந்த கேள்விகள் முடிந்துவிடும். அவன் மேல் தப்பில்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்டதே அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பக்கம் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மராட்டியர் காலத்துப் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று இங்கே. இனிமேல் சுற்றுலா சுற்றுலா என்று பேச்சு எழும். எழுந்தால், ஒரு நல்ல நாளில் எந்த அதிகாரியாவது எந்த ஏரியையாவது பார்த்து "இங்கே போட்டிங் விட்டால் என்ன" என்று கேட்காமல் இருக்க மாட்டார். தமிழ்நாட்டில் சுற்றுலா என்றால் அடுத்த வார்த்தை போட்டிங்தானே :-) அப்போது டிக்கெட் விலை, லைஃப் ஜாக்கெட் நிறம், செல்ஃபி பாயின்ட் எல்லாம் பேசுவார்கள். எஞ்சினுக்குள் எதை ஊற்றுவது என்பதை மட்டும் பேச மாட்டார்கள். அதனால் இப்போதே பேசிவிடலாம்.

முதலில் பெட்ரோலுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். எத்தனால் கலப்பு 2003இல் ஐந்து சதவீதத் திட்டமாகத் தொடங்கி, பல வருடம் பெயருக்கு நடந்தது. 2022 ஜூனில் நாடு முழுக்கச் சராசரி பத்து சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் இ20 அறிமுகமானது. 2030க்குள் இருபது சதவீதம் என்றிருந்த இலக்கை இழுத்து முன்னால் கொண்டுவந்து 2025இலேயே எட்டிவிட்டார்கள். வேகம் பாராட்டத்தக்கதுதான். ஆனால் இ20 வந்தபோது இ10 ஒரு ஓரமாகக்கூட நிற்கவில்லை, மறைந்துவிட்டது. இது அரசாங்கத்தின் சொந்த நிபுணர் குழு சொன்னதற்கு நேர் எதிர். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் வழித்திட்ட அறிக்கையில், பழைய எஞ்சின்களுக்குப் பாதுகாப்பாக இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுதியது எழுதியபடியே கிடக்கிறது.

கார்க்காரர்கள் இதற்குச் சத்தம் போட்டார்கள். 2025 ஆகஸ்ட் முழுக்கச் சண்டை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடியானது. பெட்ரோலிய அமைச்சகம் விளக்க அறிக்கை விட்டது: மைலேஜ் குறைவது சொற்பம், எஞ்சினுக்கு ஆபத்து இல்லை, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்கள் சிலதை மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை.

நல்லது. படகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எந்த மீட்டரில் பார்ப்பது? படகு எஞ்சினுக்கு வயது மணிக்கணக்கில். அந்த அறிக்கையை எழுதியவர் மனதில் கார் இருந்திருக்கிறது, பைக் இருந்திருக்கிறது, படகு இல்லவே இல்லை. இந்தச் சண்டை முழுவதிலும் யார் வாயிலிருந்தும் படகு என்ற சொல் வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எத்தனாலால் அதிகம் அடி வாங்கக்கூடிய எஞ்சின் எது என்றால் அது படகு எஞ்சின்தான்.

ஏன் என்று சொல்ல வேண்டும். சும்மா கத்தினால் ஆகாது.

எத்தனாலுக்குத் தண்ணீர் பிடிக்கும். சாராயத்தில் தண்ணீர் கலந்தால் கலந்துவிடுகிறது, பெட்ரோலில் கலந்தால் கலக்காது. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். இ10 என்றால், 15, 16 டிகிரி வெப்பத்தில் அரை சதவீதம் அளவுக்குத் தாங்கும். இ20 அதைவிட அதிகம் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டி ஒரு சொட்டு சேர்ந்தாலும், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும். இரண்டும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனி அடுக்காகப் படியும். இ20இல் எத்தனால் இரண்டு மடங்கு என்பதால் அடியில் இறங்கும் சரக்கும் அதிகம். எஞ்சினுக்குப் பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது? டேங்க்கின் அடியில்தான். மேலே மிச்சமிருக்கும் பெட்ரோலோ எத்தனால் போனதால் ஆக்டேன் குறைந்து கிடக்கும். ஆக, கீழே இருப்பது எரியாது, மேலே இருப்பது ஒழுங்காக எரியாது.

கார் டேங்க் மூடியது. வாரத்துக்கு ஒருமுறை காலியாகி நிரம்புகிறது. தண்ணீர் சேர நேரமே இல்லை. படகின் டேங்க் அப்படியா? மூடியிலேயே காற்றுத் துளைக்குத் திருகு வைத்த சிவப்பு கேன். மழையில் நனைகிறது, அலை தெறிக்கிறது, பகலில் வெயிலில் காய்ந்து இரவில் குளிர்ந்து உள்சுவரில் வேர்க்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை எத்தனால் இழுப்பது மெதுவாகத்தான் நடக்கும், அதைப் பூதாகரமாக்க வேண்டியதில்லை. ஆனால் மழைத் தண்ணீர் மெதுவாக வராது. அதோடு சீசன் என்று ஒன்று இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் நாள் முழுக்க ஓடும் எஞ்சின் ஐப்பசி கார்த்திகையில் தார்ப்பாய்க்குள் தூங்கும். பாதி டேங்க் பெட்ரோல் அதற்குள்ளேயே கிடக்கும். பொங்கல் விடுமுறைக்குக் கூட்டம் வந்ததும் கயிற்றை இழுத்தால் எஞ்சின் இருமும், நிற்கும். மெக்கானிக் வருவார், கார்புரேட்டரைக் கழற்றுவார், "பழைய எஞ்சின் சார், அப்படித்தான்" என்பார். பழியை எஞ்சின் சுமக்கும்.

இதோடு முடியவில்லை. எத்தனால் நல்ல கரைப்பான். டேங்க்கின் சுவரில் வருடக்கணக்காக ஒட்டியிருக்கும் பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். பழைய ரப்பர் குழாயை ஊறவைத்து உப்பச் செய்யும். அமெரிக்காவில் 2000களின் நடுவில் நியூயார்க் பக்கம் பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் வந்தபோது, பழைய படகுகளின் கண்ணாடியிழை டேங்க்கே கரைய ஆரம்பித்து, அந்தப் பிசின் எஞ்சின் வால்வுகளில் கறுப்பாகப் படிந்த கதை படகுக்காரர்கள் நடுவே பிரசித்தம். அது வெறும் இ10 செய்த வேலை.

அதே அமெரிக்காவில் 2010, 2011இல் கார்களுக்கு இ15 அனுமதித்தார்கள். 2001 மாடல் முதல் வந்த கார்களுக்கு மட்டும். படகில் ஊற்றத் தடை. பம்ப்பிலேயே ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டி, படகுக்கு ஊற்றாதே என்று எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். படகு எஞ்சின் கம்பெனிகள் பொதுவாக இ10 வரைதான் வாரண்டியில் ஒப்புக்கொள்கின்றன. இங்கே ஓடும் யமஹா, சுசுகி, மெர்க்குரி எல்லாம் உலகம் முழுக்க விற்கும் அதே குடும்பத்து எஞ்சின்கள்தான். முட்டுக்காட்டுத் தண்ணீரில் இறங்கியதும் அதன் ரப்பருக்கு இந்தியத் தேசபக்தி வந்துவிடாது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, பழைய எஞ்சின்களுக்காக இ5 பெட்ரோலை உயர்ரக பம்ப்பில் தொடர்ந்து வைத்திருந்தார்கள். இ10க்கே இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இங்கே இ20, ஸ்டிக்கர் கிடையாது, வேறு பம்ப் கிடையாது.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலில் எத்தனால் திட்டத்தை நாடு முழுக்க விரித்தபோது இரண்டு இடங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். எவை தெரியுமா? அந்தமான் நிகோபார், லட்சத்தீவு. படகில்லாமல் வாழ முடியாத ஊர்கள்! படகை நினைத்து விட்டார்களா, கப்பலில் எத்தனால் கொண்டுபோகும் செலவை நினைத்து விட்டார்களா என்பது வேறு விஷயம். விதிவிலக்கு கொடுக்க முடியும் என்பது மட்டும் அன்றே நிரூபணமாகிவிட்டது.

இனி காசுக் கணக்கு. எத்தனால் ஒரு லிட்டரில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருக்கிறது. இருபது சதவீதம் கலந்தால் மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறையும். நிதி ஆயோக் அறிக்கையும் கலப்பில்லாத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ10க்குச் சரிசெய்த கார்களுக்கு ஆறேழு சதவீதம்தான் சொல்கிறது. 40 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து லிட்டர் வரை குடிக்கும். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 75 லிட்டர். அதில் ஆறு சதவீதம் நாலரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 450 ரூபாய், மாதம் 25 நாளைக்கு 11,250 ரூபாய். ஒரு எஞ்சினுக்கு. சக்தி குறைந்த சரக்கை அதே விலைக்கு விற்றால் கடைத்தெருவில் அதற்கு என்ன பேர் சொல்வார்கள் என்பது மளிகைக் கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கிறது.

இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்ற நூறு ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் வந்தது. அதில் எத்தனால் இல்லை. சென்னை போன்ற பெருநகரங்களில், அதுவும் குறிப்பிட்ட சில பங்க்குகளில்தான் கிடைக்கும். விலை சாதாரண பெட்ரோலைப் போல ஒன்றரை மடங்கு. பலர் நினைப்பதுபோல எக்ஸ்பி95க்கு இந்தத் தகுதி கிடையாது, அதிலும் எத்தனால் உண்டு. கூடுதல் காசு கொடுத்து "பவர்" போட்டுவிட்டு எஞ்சினைக் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறவர்கள் காசைத்தான் விட்டிருக்கிறார்கள். பந்தயக் காருக்கான ஆக்டேனுக்குக் காசு கொடுத்துத்தான் எத்தனாலிலிருந்து தப்பிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? படகு எஞ்சினுக்கு நூறு ஆக்டேன் தேவையே இல்லை.

அடுத்தது மண்ணெண்ணெய். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மீனவர்கள் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது பழைய வழக்கம். அதற்கென்றே அழுத்தம் குறைத்துச் செய்த எஞ்சின்கள் உண்டு. மீனவர்களுக்கு அரசு மானிய மண்ணெண்ணெய் தருகிறது, வரி விலக்குள்ள டீசலும் தருகிறது. சரியான காரியம், அது அவர்கள் வயிற்றுப்பாடு. ஆனால் உல்லாசப் படகு விடுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, இருக்கவும் கூடாது. இதனால் நடப்பது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ரேஷன் மண்ணெண்ணெயை எஞ்சினில் ஊற்றுவது 1993 மண்ணெண்ணெய்க் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். குற்றம் என்பதை விடுங்கள், பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் தட்டும், புகையும், பாதி எரியாமல் தண்ணீரில் எண்ணெய்ப் படலமாக மிதக்கும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் படகில் அந்தப் புகையை யார் சுவாசிப்பது?

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலிலும் இதே அலட்சியம்தான். பைக்குக்கான டூ-டி ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. படகு எஞ்சின் தண்ணீரால் குளிர்வது, அதற்கு டிசி-டபிள்யூ3 என்று எழுதிய ஆயில்தான் போட வேண்டும். அது சாம்பல் விடாது. ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் லிட்டருக்கு 20 மில்லி. பங்க்கில் கிடைப்பது பைக் ஆயில் என்பதால் அதையே ஊற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

இன்னொரு விஷயம், இது எத்தனாலைவிட அவசரமானது. பெட்ரோலைப் படகுத்துறைக்கு எதில் கொண்டுவருகிறார்கள்? தண்ணீர் கேனில். சமையல் எண்ணெய் வந்த மஞ்சள் பிளாஸ்டிக் டின்னில். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் உரிமமின்றி வைத்திருக்கலாம், ஆனால் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகப் பாத்திரம் என்றால் 25 லிட்டர் வரை, நன்றாக மூடியிருக்க வேண்டும். சட்டம் சொல்லும் பட்டியலில் தண்ணீர் கேன் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும், அங்கிருந்து தானாக வெளியே போகாது. ஒரு பொறி போதும். அதனால்தான் கழற்றக்கூடிய டேங்க்கைக் கரையில் இறக்கித் தரையில் வைத்து நிரப்ப வேண்டும் என்கிறார்கள். பயணிகள் உட்கார்ந்திருக்கும்போதே புனல் வைத்து ஊற்றும் காட்சியை இந்த மாநிலத்தில் பார்க்காதவர் யார்?

டீசல் இந்த ஆபத்தில் எவ்வளவோ மேல். எளிதில் பற்றாது, எத்தனால் கிடையாது, 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் பத்து பிபிஎம் அளவுக்கு இறங்கிவிட்டது. பெரிய படகுக்கு அதுதான் சரி. ஆனால் எடை, அதிர்வு, சத்தம். பத்து பேர் ஏறும் சின்னப் படகுக்கு டீசல் எஞ்சின் வைத்தால் பயணம் முழுக்க மாவு மிஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இங்கேதான் உண்மையான கேள்வி வருகிறது. அசையாத ஏரியில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடப் போய், ஒரு வட்டம் அடித்துத் திரும்பும் படகுக்கு எதற்காகப் பெட்ரோல்?

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு போனால் அபராதம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வாங்கித்தான் மலை ஏற முடியும். எல்லாம் இயற்கையைக் காப்பாற்ற. ஏறிப் போய் ஏரிக்கரையில் நின்றால், மோட்டார் படகு தண்ணீருக்குள்ளேயே புகை விட்டுக்கொண்டு போகிறது! பழைய கார்புரேட்டர் வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஊற்றும் எரிபொருளில் கால் பங்குக்கு மேல் எரியாமலேயே வெளியேறும் என்பது பல வருடங்களாகத் தெரிந்த உண்மை. அமெரிக்காவின் டஹோ ஏரியில் 1999 ஜூனிலேயே அந்த வகை எஞ்சினைத் தடை செய்தார்கள். போபாலில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வு 2023 செப்டம்பரில் அந்த ஊர்ப் பெரிய ஏரியில் டீசல் சொகுசுப் படகுகளையும் மோட்டார் படகுகளையும் நிறுத்தச் சொன்னது, குடிநீர் ஏரி என்ற காரணத்தைக் காட்டி. கொடைக்கானல் ஏரியில் பெரும்பாலும் துடுப்பும் மிதிப்படகும்தான், அதனால் அங்கே கூட்டம் குறைந்துவிட்டதா?

மின்சாரப் படகு என்றதும் "அதெல்லாம் வெளிநாட்டில் சார்" என்று ஒரு பதில் தயாராக வரும். வெளிநாடு இல்லை, பக்கத்து மாநிலம். கேரளத்தில் வைக்கம், தவணக்கடவு இடையே 2017 ஜனவரியிலிருந்து "ஆதித்யா" என்ற சூரியசக்திப் படகு வேம்பநாட்டுக் காயலில் ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் சோலார் தகடு, 50 கிலோவாட்-மணி பேட்டரி, இரண்டு மோட்டார். கொச்சியில் கட்டியது, இந்தியப் பொறியாளர்கள் செய்தது. அது உல்லாசப் படகுகூட இல்லை, ஆபீஸ் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் அரசுப் படகு. அதே வழியில் டீசல் படகு ஆயிரக்கணக்கில் தின்ற இடத்தில் இதன் மின்சாரச் செலவு சில நூறு ரூபாயில் நின்றது. 2023 ஏப்ரல் 25இல் கொச்சி வாட்டர் மெட்ரோ தொடங்கி, நூறு பேர் ஏறும் பேட்டரிப் படகுகள் ஓடுகின்றன. காசியில்கூட டீசல் படகுகளை சிஎன்ஜிக்கு மாற்றி, கங்கையில் மிதக்கும் சிஎன்ஜி நிலையமே வைத்திருக்கிறார்கள். வெள்ளமும் இழுப்பும் உள்ள கங்கையிலேயே ஒரு மாற்று யோசிக்க முடிகிறது. அலையே இல்லாத ஊட்டி ஏரியில் முடியாதாம்.

ஆறு, எட்டுப் பேர் ஏறும் படகு மெதுவாகப் போக இரண்டு மூன்று கிலோவாட் மோட்டார் போதும். பேட்டரி விலை முதலில் கடிக்கும், உண்மை. ஆனால் தினமும் ஒரே துறையிலிருந்து கிளம்பி அதே துறைக்கு அரை மணியில் திரும்பும் வண்டியைவிட பேட்டரிக்கு ஏற்ற வண்டி உலகத்தில் வேறு எது? வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயமே இதில் கிடையாது. செஞ்சிப் பக்கம் யாராவது போட்டிங் என்று வாயைத் திறந்தால், முதல் வரியிலேயே மின்சாரம் அல்லது துடுப்பு என்று எழுதச் சொல்ல வேண்டும். செட்டிகுளத்திலோ சக்கரகுளத்திலோ பெட்ரோல் வாடை அடித்தால் யுனெஸ்கோ பட்டியல் எதற்கு?

எத்தனாலை ஆதரிப்பவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கரும்பு விவசாயிக்குப் பணம் போகிறது என்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துக்காரனுக்கு இது வெறும் பேச்சு இல்லை, முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் பின்னால் ஒதுங்கி நின்ற அனுபவம் இங்கே எல்லாருக்கும் உண்டு. விவசாயிக்குப் பணம் போகட்டும், நன்றாகப் போகட்டும். ஆனால் 2023-24க்குப் பிறகு எத்தனாலுக்குப் பெரிய மூலம் மக்காச்சோளம், கரும்பு இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. போர் போட்டுப் போட்டு ஆழம் போன இந்த வட்டாரத்தில் அந்த எண்ணை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கலாம். இறக்குமதி மிச்சம் என்பதும் சரி. நாட்டில் விற்கும் மொத்தப் பெட்ரோலில் படகுகள் குடிப்பது சாம்பாரில் உப்பு அளவுகூட வராது. அந்தத் துளிக்கு விலக்கு கொடுத்தால் எந்த டாலரும் கப்பலேறிப் போய்விடாது. பிரேசிலைப் பார் என்பவர்களுக்கு: பிரேசில் 1975இல் தொடங்கியது, 2003க்குப் பிறகு எந்தக் கலப்பையும் தாங்கும் கார்களைச் செய்து விற்றது. வண்டியும் எரிபொருளும் சேர்ந்தே மாறின. இங்கே எரிபொருள் மட்டும் மாறிவிட்டது, எஞ்சின் பழையபடி நிற்கிறது.

உல்லாசப் படகு பணக்காரர் சமாசாரம், அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்ற கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் உல்லாசத்தில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, செஞ்சிக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் மக்களைத் தூக்கி வந்தது படகு. தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையும் வைத்திருக்கும் ரப்பர் படகுகளின் பின்னால் மாட்டியிருப்பது அதே வகை அவுட்போர்டு எஞ்சின்தான். முட்டுக்காட்டுப் படகாவது சீசனில் தினம் ஓடுகிறது. மீட்புப் படகு வருடத்தில் பத்து மாதம் கொட்டகையில் கிடக்கும். அதன் டேங்க்கில் எந்தப் பெட்ரோல், எத்தனை மாதப் பழசு என்று கேட்கும் பழக்கம் எங்கே இருக்கிறது? கயிற்றை இழுத்ததும் அது கிளம்பியாக வேண்டும். கூரை மேல் நிற்பவரிடம் போய் எத்தனால் தண்ணீரோடு கீழே இறங்கிவிட்டது என்று விளக்கம் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் இதைச் சரிசெய்வது பெரிய வேலையே கிடையாது. எத்தனாலை சுத்திகரிப்பு ஆலையில் கலப்பதில்லை. எண்ணெய் நிறுவனங்களின் கிடங்கில், டேங்கர் லாரியில் ஏற்றும்போதுதான் கலக்கிறார்கள். அதுவரை இருப்பது கலப்பில்லாத பெட்ரோல்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்க், பாண்டிச்சேரியில் ஒன்று, மாவட்டத்துக்கு ஒரு தீயணைப்பு நிலையம். பம்ப்பில் ஒரு ஸ்டிக்கர், படகுக்கு மட்டும் என்று. வாரத்துக்கு ஒரு டேங்கர், எத்தனால் குழாயைத் திறக்காமல் அனுப்பினால் போதும்.